கடன் வாங்கிய கதையும் கத்தரிக்கப்பட்ட படமும்

1964-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத் திரையரங்கு ஒன்றில் பெரிய விளம்பரம் ஏதுமின்றி ஒரு படம் வெளியானது. இயக்குநர் பாப் ராபர்ட்சன். இசை டான் சாவியோ. ஒளிப்பதிவு ஜாக் டால்மாஸ். எதிர்நாயகனாக நடித்தவர் ஜான் வெல்ஸ். பெயர்களைப் படித்த எவரும் அது ஓர் அமெரிக்கப் படம் என்றே எண்ணியிருப்பர்.

ஆனால், அந்த நால்வரும் இத்தாலியர்கள். நால்வரின் பெயர்களும் புனைபெயர்கள். டான் சாவியோ என்பவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர் எனியோ மோரிகோனி. ஜாக் டால்மாஸ், ஒளிப்பதிவாளர் மாசிமோ டல்லமானோ. ஜான் வெல்ஸ், நடிகர் ஜான் மரியா வொலோந்தே. பாப் ராபர்ட்சன் என்ற பெயருக்குள் இருந்தவர் ரோம் நகரில் பிறந்த செர்ஜியோ லியோனி. படத்தின் பெயர் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட குதிரை வீரர் படங்களை ஹாலிவுட்டின் தனிச் சொத்து என்று உலகம் கருதியிருந்த காலம் அது. அந்தச் சொத்தில் ஐரோப்பியர் பங்கு கேட்ட கதையின் மையத்தில் நிற்பவர் லியோனி. அவருடைய வாழ்க்கையைத் திரைக்கலையின் வரலாறாகப் படிக்கலாம். ஒரு படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற பழைய பொருளாதாரக் கேள்விக்கு எழுதப்பட்ட விளக்கவுரையாகவும் அதைப் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்போது அந்த வாழ்க்கையில் ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு தென்படுகிறது.

1929-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர் லியோனி. தந்தை வின்சென்சோ லியோனி, மௌனப்படக் காலத்தில் ரொபெர்த்தோ ரொபெர்த்தி என்ற பெயரில் படங்களை இயக்கியவர். தாய் நடிகை. இத்தாலியில் 1913-ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்ட தொடக்ககால ‘வெஸ்டர்ன்’ படம் ஒன்றைத் தந்தை இயக்க, தாய் அதில் நடித்திருந்தார். பின்னாளில் பாசிச ஆட்சியின் கீழ் தந்தையின் தொழில் முடங்கியது. ராபர்ட்சன் என்றால் ராபர்ட்டின் மகன் என்று பொருள். மகன் தேர்ந்துகொண்ட அமெரிக்கப் புனைபெயருக்குள் ஓரங்கட்டப்பட்ட தந்தையின் பெயரும் மறைந்திருந்தது.

சட்டம் படிக்கத் தொடங்கி, அதைப் பாதியில் கைவிட்டுத் திரைத்துறைக்கு வந்தார் லியோனி. வித்தோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். அந்தப் படத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் சமய மாணவர்களுள் ஒருவராகச் சில நொடிகள் திரையிலும் தோன்றினார்.

அதன் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவர் பிறருடைய படங்களிலேயே உழைத்தார். அதற்கு இடமளித்தது ஒரு பொருளாதாரச் சூழல். போருக்குப் பின் இத்தாலியில் ஹாலிவுட் நிறுவனங்கள் ஈட்டிய வருவாயை முழுவதுமாக நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியவில்லை. முடங்கிய லிராவை இத்தாலியிலேயே செலவிட வேண்டியிருந்தது. ரோமின் சினிசித்தா படப்பிடிப்புத் தளங்களும் கூலி மலிவும் அதற்கு ஏற்றவையாக அமைந்தன. ‘குவோ வாடிஸ்’ (1951), ‘பென்ஹர்’ (1959) போன்ற மாபெரும் படங்கள் ரோமுக்கு வந்ததன் பின்னணி இதுதான்.

அவற்றில் உதவி இயக்குநர்களுள் ஒருவராகவும், துணைக் காட்சிகளை எடுக்கும் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவிலும் லியோனி பணியாற்றினார். ஆயிரக்கணக்கான துணை நடிகர்களையும் குதிரைகளையும் எப்படி ஒழுங்குபடுத்துவது, பணம் எங்கே வீணாகிறது, எங்கே மிச்சப்படுத்தலாம் என்ற பாடங்களை எந்தத் திரைப்படக் கல்லூரியும் இத்தனை விரிவாகக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. ‘தி லாஸ்ட் டேஸ் ஆஃப் பாம்பேய்’ (1959) படத்தின்போது இயக்குநர் மாரியோ பொன்னார்த் நோய்வாய்ப்பட, படத்தை எடுத்து முடித்தவர் லியோனி. ஆனால், இயக்குநர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. ‘தி கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ்’ (1961) படத்தில்தான் அந்த இடம் முதன்முறையாகக் கிடைத்தது.

1960-களின் தொடக்கத்தில் இத்தாலியத் திரையுலகம் நெருக்கடியில் சிக்கியது. புராண, வரலாற்றுப் படங்கள் அளவுக்கு மீறி வெளிவந்து மக்களுக்குச் சலித்துப் போயின. ‘தி லெபர்ட்’, ‘சோடம் அண்ட் கொமோரா’ ஆகிய பெரும் படங்களின் செலவு, பழம்பெரும் தித்தானுஸ் நிறுவனத்தையே நிலைகுலையச் செய்தது. பெரிய முதலீட்டுக்கு வழியில்லை. ஆனால், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும். இந்த இக்கட்டில் பிறந்ததுதான் இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளின் தயாரிப்பாளர்கள் செலவையும் சந்தையையும் பங்கிட்டுக்கொண்டு எடுத்த ‘ஒரு கைப்பிடி டாலர்கள்’.

அதன் மொத்தச் செலவு சுமார் 2 லட்சம் டாலர். பெயர் பெற்ற அமெரிக்க நடிகர்கள் கேட்ட ஊதியம் கட்டுப்படியாகவில்லை. எனவே, ‘ராஹைட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்துவந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் 15 ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தமானார். மேற்கு அமெரிக்கப் பாலைவனத்துக்குப் பதிலாக, ஸ்பெயினின் வறண்ட, வறிய மாகாணமான அல்மேரியாவும் மாட்ரிட் அருகே ஏற்கெனவே போடப்பட்டிருந்த அரங்கும் பயன்பட்டன.

படச்சுருளிலும் சிக்கனம் இருந்தது. ‘டெக்னிஸ்கோப்’ என்ற முறையை டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை 1960-இல் அறிமுகப்படுத்தியிருந்தது. வழக்கமாகப் படச்சுருளின் நான்கு துளைகள் உயரத்துக்கு ஒரு படச்சட்டம் பதிவாகும்; இம்முறையில் இரண்டே துளைகள் போதும். படச்சுருளின் செலவு பாதியாகக் குறையும். திரையோ அகலமாக இருக்கும். அகலத்திரைக்கென உள்ள விலையுயர்ந்த சிறப்பு வில்லைகளும் தேவையில்லை. சாதாரண வில்லைகளைக் கொண்டே முகத்தின் மிக அருகில் செல்ல முடிந்தது.

வியர்வை வழியும் முகமும் சுருங்கிய கண்களும் திரை முழுவதையும் நிறைக்கும் அந்தப் புகழ்பெற்ற அண்மைக்காட்சிகள், ஒருவகையில் சிக்கனத்தின் கொடையே. படப்பிடிப்பின்போது நடிகர்கள் அவரவர் மொழியில் பேசினர். ஒலி பின்னர் சேர்க்கப்பட்டது. ஆகவே, உரையாடல் குறைந்தது. மௌனமும் இசையும் அதன் இடத்தைப் பிடித்தன. பற்றாக்குறையைப் பாணியாக மாற்றியதில்தான் லியோனியின் மேதைமை இருக்கிறது.

இசைக்கும் பெரிய இசைக்குழுவை அமர்த்த வசதியில்லை. தொடக்கப்பள்ளியில் லியோனியோடு ஒரே வகுப்பில் படித்தவர் மோரிகோனி. சீழ்க்கை, சாட்டையடி, மணியோசை, மின்கிதார் ஆகியவற்றைக்கொண்டு அவர் உருவாக்கிய ஒலி, வெஸ்டர்ன் படங்களின் இசை இலக்கணத்தையே மாற்றியது. கட்டடக் கலைஞரான கார்லோ சிமி அரங்குகளையும் உடைகளையும் வடிவமைத்தார். தூசு படிந்த உடை, சவரம் செய்யாத முகம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் என்ற அந்த உலகம் சிமியின் கைவண்ணம்.

ஆனால், அந்தக் கைப்பிடி டாலர்களுக்குள் பிறருடைய காசும் கலந்திருந்தது. ஜப்பானிய மேதை அகிரா குரோசவா 1961-இல் வெளியிட்ட ‘யோஜிம்போ’ படத்தின் கதையைத்தான் லியோனி எடுத்தாண்டிருந்தார். ஓர் ஊரில் இரண்டு பகைக் கூட்டங்கள். அங்கு வரும் பெயரற்ற வீரன் இருவரிடமும் கூலி வாங்கி இருவரையும் அழிக்கிறான். வாளுக்குப் பதில் துப்பாக்கி. சாமுராய்க்குப் பதில் குதிரை வீரன். காட்சிகளின் வரிசைகூடப் பெரிதும் ஒத்திருந்தது. உரிமை முறையாகப் பெறப்படவில்லை.

குரோசவாவும் அவருடைய தொஹோ நிறுவனமும் உரிமை கோரியபோது லியோனி தரப்பில் பல வாதங்கள் எழுந்தன. இரு எஜமானர்களுக்கு ஊழியம் செய்யும் ஒருவனைப் பற்றி இத்தாலிய நாடகாசிரியர் கார்லோ கோல்தோனி 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார் என்பது ஒரு வாதம். குரோசவாவின் கதையிலும் அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ நாவலின் சாயல் உண்டு என்று விமர்சகர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இந்த வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை. கதைகளுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. அவை எல்லை தாண்டிக்கொண்டே இருப்பவை. ஆனால், பொதுவான கதைக்கருவை எடுத்துக்கொள்வது வேறு. ஒருவர் உழைத்துச் செதுக்கிய வடிவத்தை அப்படியே பின்பற்றுவது வேறு. கிணற்று நீர் ஊருக்குப் பொது. ஒருவர் இறைத்து வைத்த குடத்து நீர் அப்படியல்ல. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. படத்தின் உலகளாவிய வருவாயில் 15 சதவீதமும், ஜப்பான், தைவான், தென்கொரியா ஆகிய நாடுகளின் விநியோக உரிமையும் ஜப்பானியத் தரப்புக்கு வழங்கப்பட்டன. அமெரிக்காவில் அந்தப் படம் 1967-ஆம் ஆண்டில்தான் வெளியாக முடிந்தது.

சொத்துரிமைச் சிக்கல் அதோடு ஓயவில்லை. முதல் படத்தின் தயாரிப்பாளர்களைப் பிரிந்து, ஆல்பர்டோ கிரிமால்டி என்ற வழக்குரைஞர் தயாரிப்பில் ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ (1965) படத்தை எடுத்தார் லியோனி. போர்வை போர்த்திய அந்தத் துப்பாக்கி வீரன் தங்களுக்கே சொந்தம் என்று பழைய தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அத்தகைய வீரன் மேற்கு அமெரிக்க நாட்டார் மரபுக்குப் பொதுவானவன் என்று கூறி, இத்தாலிய நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. குரோசவாவிடம் பணியவைத்த சொத்துரிமைக் கேள்வி, இம்முறை லியோனிக்குச் சாதகமாக முடிந்தது.

மூன்றாவது படமான ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) வெளிவந்தபோது லியோனிக்கு அமெரிக்க நிறுவனத்தின் பணம் கிடைத்திருந்தது. செலவு சுமார் 12 லட்சம் டாலர். முதல் படத்தைப்போல் ஆறு மடங்கு. ஒளிப்பதிவுக்கு டொனினோ டெல்லி கோலி வந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் காட்சிகளுக்கு ஸ்பெயின் ராணுவம் ஆட்களைத் தந்தது. ஒரு பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியில், கேமராக்கள் ஓடத் தொடங்கும் முன்பே, சமிக்ஞையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பாலம் வெடித்துச் சிதறியது. ராணுவத்தினரே மீண்டும் ஒரு பாலம் கட்டித் தந்த பிறகு அந்தக் காட்சி படமாக்கப்பட்டது.

இறுதிக் காட்சிக்காக புர்கோஸ் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான கல்லறைகளைக் கொண்ட வட்ட வடிவ மயானம் ஒன்றை ஸ்பெயின் வீரர்கள் உருவாக்கினர். படப்பிடிப்பு முடிந்ததும் புல் மூடிப்போன அந்த இடத்தை 2015-ஆம் ஆண்டு முதல் ரசிகர்களும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் தோண்டி மீட்டனர். அல்மேரியாவில் கார்லோ சிமி எழுப்பிய மர நகரம் இன்று சுற்றுலாத் தலமாக வருவாய் ஈட்டித் தருகிறது.

இந்தப் படங்களின் வெற்றியைத் தொடர்ந்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சில ஆண்டுகளுக்குள் பல நூறு வெஸ்டர்ன் படங்கள் எடுக்கப்பட்டன. விமர்சகர்கள் அவற்றைச் சற்று ஏளனமாக ‘ஸ்பெகட்டி வெஸ்டர்ன்’ என்று அழைத்தனர். அந்த அலை வீசிய காலத்தில் தமிழிலும் ஒளிப்பதிவாளர் கர்ணனின் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறித் துப்பாக்கி ஏந்தியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1968-இல் வெளிவந்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ லியோனியின் கலை முதிர்ச்சியின் உச்சம். இளைஞர்களாக இருந்த பெர்னார்தோ பெர்த்தொலூச்சி, தாரியோ அர்ஜென்தோ இருவரும் லியோனியுடன் சேர்ந்து கதையை உருவாக்கினர். திரைக்கதையில் செர்ஜியோ தொனாத்தி கைகொடுத்தார். மோரிகோனி இசையை முன்கூட்டியே அமைத்துவிட, படப்பிடிப்புத் தளத்தில் அந்த இசை ஒலிக்க, அதன் தாளத்துக்கேற்ப நடிகர்கள் நடந்தனர், கேமரா நகர்ந்தது. ரயில் பாதை, நிலம், நீர், முதலீடு ஆகியவை ஒரு நாட்டின் முகத்தை எப்படி மாற்றுகின்றன என்பதே அதன் உட்பொருள். பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் பார்க்க வேண்டிய படம் அது.

பிரான்ஸில் அந்தப் படம் பெருவெற்றி பெற்றது. அமெரிக்காவிலோ, மிகவும் மெதுவாக நகர்கிறது என்று கருதி, விநியோகித்த நிறுவனம் சுமார் 20 நிமிடக் காட்சிகளை வெட்டிவிட்டது. வெட்டியும் அங்கே படம் ஓடவில்லை. பின்னர் வரவிருந்த பேரிடிக்கு அது முன்னறிவிப்பு.

‘தி காட்ஃபாதர்’ படத்தை இயக்கும் வாய்ப்பு வந்தபோது லியோனி மறுத்துவிட்டார். அவர் மனத்தில் வேறொரு குற்றவுலகக் கதை இருந்தது. ஹாரி கிரே எழுதிய ‘தி ஹுட்ஸ்’ என்ற நாவலைத் தழுவி, நியூயார்க் யூதக் குடியிருப்பில் வளர்ந்த சிறுவர்கள் குற்றவாளிகளாகி, நட்பையும் வாழ்வையும் இழக்கும் கதை அது. நாவலின் உரிமையைப் பெறவே பல ஆண்டுகள் பிடித்தன. யோஜிம்போ விவகாரத்தில் உரிமை பெறாமல் தொடங்கியவர், இம்முறை உரிமைக்காகப் பொறுமையுடன் காத்திருந்தார். 1971-க்குப் பிறகு 13 ஆண்டுகள் அவர் இயக்கத்தில் வேறு படம் வெளிவரவில்லை.

‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா’ 1984-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் 229 நிமிடப் படமாகத் திரையிடப்பட்டுப் பாராட்டுப் பெற்றது. நினைவும் கனவும் கலந்து, காலம் முன்னும் பின்னுமாகச் செல்லும் கதையமைப்பு அதன் உயிர். அமெரிக்க விநியோகத் தரப்பு அதை 139 நிமிடங்களாகக் குறைத்தது. ஒன்றரை மணி நேரம் போயிற்று. எஞ்சிய காட்சிகளையும் கால வரிசைப்படி மாற்றி அடுக்கினார்கள். இயக்குநரின் இசைவு இல்லை. அந்த வடிவம் அமெரிக்காவில் தோல்வியைத் தழுவியது.

சட்டப்படி அதில் குற்றம் காண முடியாது. அமெரிக்கச் சட்டத்தில், ஊதியம் கொடுத்து உருவாக்கச் செய்யும் படத்தின் ஆசிரியர் நிறுவனமே. இத்தாலியச் சட்டமோ, கதாசிரியர், திரைக்கதையாசிரியர், இசையமைப்பாளர், இயக்குநர் ஆகிய நால்வரையும் திரைப்படத்தின் ஆசிரியர்களாக ஏற்கிறது. ஒரே மனிதர், ஒரே படம். ஆனால், அட்லாண்டிக்கின் ஒரு கரையில் அவர் படைப்பாளி, மறுகரையில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்.

லியோனி அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் இயக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டதைப் பற்றிய மாபெரும் படத்துக்கான ஏற்பாடுகளில் ஈடுபட்டிருந்தபோது, 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் மாரடைப்பால் ரோமில் காலமானார். அப்போது அவருக்கு வயது 60. அவருடைய பிள்ளைகளின் முயற்சியாலும் இத்தாலிய ஆவணக் காப்பகம் ஒன்றின் உழைப்பாலும், இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசியின் அறக்கட்டளை ஆதரவுடன், அந்தப் படம் 251 நிமிடங்கள் கொண்டதாக மீட்கப்பட்டு 2012-இல் அதே கான் விழாவில் திரையிடப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இங்கே இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிட வேண்டும். படைப்பு விற்கப்பட்ட பிறகும், தன் பெயர் அதில் இருக்கவும், தன் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் வகையில் அது சிதைக்கப்படாமல் இருக்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு என்ற கோட்பாடு, பெர்ன் பன்னாட்டு உடன்படிக்கையில் 1928-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதற்கான மாநாடு நடந்த இடம் ரோம். அந்த நகரில் லியோனி பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. அந்த உடன்படிக்கையில் அமெரிக்கா சேர்ந்தது 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அவர் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு. அப்போதும்கூட, திரைப்பட இயக்குநர்களுக்கு அந்த உரிமையை அமெரிக்கச் சட்டம் வழங்கவில்லை.

நம் நாட்டு நிலையும் சிந்திக்கத்தக்கது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), 57-ஆவது பிரிவில் படைப்பாளியின் இந்தச் சிறப்புரிமையை ஏற்கிறது. ஆனால், திரைப்படத்தைப் பொருத்தவரை ‘ஆசிரியர்’ என்பவர் தயாரிப்பாளரே என்று அதே சட்டம் வரையறுக்கிறது. முதலீடு செய்தவரின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. பணம் போடுபவர் இல்லையென்றால் படமே இல்லை. அதற்காக, பணம் போட்டவர் மட்டுமே படைத்தவர் ஆகிவிட முடியாது.

லியோனியைக் கள்வர் என்று ஒதுக்குவதும் தவறு. வஞ்சிக்கப்பட்டவர் என்று மட்டும் இரங்குவதும் தவறு. அவர் இரண்டுமாக இருந்தார். இளமையில் இன்னொருவரின் உழைப்பைக் கேட்காமல் எடுத்தார்; முதுமையின் வாயிலில் தன் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து நின்றார். குரோசவாவுக்கு 15 சதவீதத்தைப் பெற்றுத் தந்தது உரிமைச் சட்டம். லியோனியின் ஒன்றரை மணி நேரத்தைக் காக்க அத்தகைய வேலி இருக்கவில்லை. பிறர் தோட்டத்துக்கு வேலி எதற்கு என்று கேட்பவர், தம் தோட்டமும் ஒருநாள் திறந்து கிடக்கும் என்பதை உணர வேண்டும்.

திரைப்படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் எழுந்து போவது நம் வழக்கம். புனைபெயர்களுக்குள் ஒளிந்து வாழ்ந்த அந்த இத்தாலியர்களின் கதையை அறிந்த பிறகேனும், அந்த இரண்டு நிமிடங்கள் இருக்கையில் அமர்ந்திருக்கலாம். உழைத்தவரின் பெயரைப் படிப்பதும் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்களுள் ஒன்று.